ஒரு ஸ்டாப் வெளிச்சம்

ஞானையன் இறந்தவர்களைப் படம் எடுப்பவர். கல்யாணமும் எடுப்பார், ஞானஸ்நானமும் எடுப்பார். ஆனாலும் நேமம் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் யாராவது கண்ணை மூடினால் முதல் போன் பாஸ்டருக்கு, அடுத்தது சவப்பெட்டிக் கடைக்கு, மூன்றாவது ஞானையனுக்கு. இருபத்திரண்டு வருஷமாக இந்த வரிசை மாறவில்லை. ஆரியசாலையில் என் நோட்டுப் புத்தகக் கடைக்கும் அவருடைய ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் அவருடைய தொழிலைப் பற்றி எனக்குத் தேவைக்கு அதிகமாகவே தெரியும்.

அந்தச் சபைகளின் வழக்கம் இது. பெட்டியை அடைப்பதற்குச் சற்று முன்னால் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். துபாய் மருமகன் வந்தால்தான் படம். படம் எடுத்தால்தான் பெட்டி மூடும். மூடிய பெட்டியை மறுபடி திறப்பது கிடையாது. அந்தப் படத்தை ஆல்பத்தில் ஒட்டி அலமாரியில் வைப்பார்கள். நானறிந்து அந்த ஆல்பத்தை இரண்டாம் முறை திறந்த குடும்பம் இல்லை.

எல்லோரும் பார்க்கிற படம் வேறு. கூடத்துச் சுவரில் சின்ன பல்பு போட்டு மாட்டுவார்களே, அது. பேரன் பேத்திகள் நாற்பது வருஷம் பார்க்கப்போகிற முகம். அதற்கு ஒரு நல்ல படம் தேடினால் எந்த வீட்டிலும் இருக்காது. கடைசியில் ஆதார் அட்டையில் வந்து நிற்பார்கள். ஆதார் அட்டையில் இருப்பது தன் முகம்தான் என்று மனமார ஒப்புக்கொண்ட மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு ஞானையன் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு சாவு வீட்டில் படம் எடுக்கும்போதே, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்களை எட்ட நின்று ஒவ்வொருவராக எடுத்து வைத்துக்கொள்வார். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருப்பார்கள். படத்துக்கென்று முறைக்கவும் மாட்டார்கள். பிறகு அவரவர் முறை வரும்போது பிள்ளைகள் வந்து, "அப்பாவுக்க நல்ல படம் வல்லதும் கெடக்கா?" என்று கேட்பார்கள். இவர் கம்ப்யூட்டரைத் திறப்பார். அவர் மனைவி ராகேல் அந்தப் படத்தில் பக்கத்து ஆளின் தோளை அழித்து, தார்ப்பாய்ப் பந்தலின் நீலத்தை முகத்திலிருந்து எடுத்து, பின்னால் கொஞ்சம் ஆகாயம் வைத்துக் கொடுப்பாள். ராகேல் இதுவரை அழித்த தோள்களை வைத்து ஒரு சபையே நடத்தலாம்.

என் படமும் அவரிடம் இருக்கிறது. எந்த ஃபோல்டரில் என்று நான் கேட்டதில்லை.

பிரச்சினை லென்ஸில் வந்தது. எட்ட நின்று எடுக்கிற அவருடைய லென்ஸுக்கு வயது பதினாறு. வெயிலில் பரவாயில்லை. தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் முகத்தில் ரவை தூவினது மாதிரி வரும். மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையில் கடையில் இரண்டு காட்டினார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நீளம், இரண்டும் வெள்ளை. ஒன்றின் பேர் 4, மற்றது 2.8. இந்த எண் குறைந்தால் உள்ளே ஓட்டை பெரிது என்று அர்த்தமாம். ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள் என்பதை வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். 4-ஐவிட 2.8-இல் இரண்டு மடங்கு வெளிச்சம் போகும்; அதற்குத் தொழிலில் ஒரு ஸ்டாப் என்று பேர். 4-இன் விலை ஒரு லட்சத்து ஐயாயிரம். 2.8-இன் விலை ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். ஆக, ஒரு ஸ்டாப் வெளிச்சம் எண்பதாயிரம் ரூபாய்.

அந்த எண்பதாயிரத்துக்கு ராகேலிடம் வேறு யோசனை இருந்தது. அவர்கள் வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் உள்ள ஒர்க் ஏரியாவின் தகரக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது.

"இஞ்ச பாருங்க, செத்தவங்களுக்கு வெளிச்சம் எதுக்கு? எனக்கு நனையாம நின்னு மீன் வெட்டணும்" என்றாள்.

நியாயமான பேச்சு. ஆனாலும் ஞானையன் 4-ஐ வாங்கவில்லை. இரண்டையும் வாங்காமல் ஒரு வருஷம் கழித்தார். அதற்குக் காரணம் இருந்தது. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நேமத்தில் யேசுவடியாள் என்கிற அம்மாள் இறந்தார். மூத்த மகன் தாசையன் எங்கள் ஆரியசாலையில் மிளகாய் மண்டியில் மேனேஜராக இருந்தவர். அம்மா அவர் வீட்டில்தான் இருந்தார். இளையவர் செல்வமணி போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளி. மலையிலிருந்து பஸ் கிடைத்து அவர் வந்து சேர வேண்டும். மழை மூட்டம், மாலை ஐந்தரை மணி. பாஸ்டருக்கு அவசரம், அவரைவிட ஞானையனுக்கு அவசரம். "வெளிச்சம் போவுது, இனியும் நின்னா படம் கிட்டாது" என்று சொன்னவர் ஞானையன்தான். எல்லோரும் நின்றார்கள், படம் எடுத்தார், பெட்டியை அடைத்தார்கள். இருபது நிமிஷத்தில் செல்வமணி வந்து இறங்கினார். பெற்ற தாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை, படத்திலும் அவர் இல்லை. "அண்ணன் நிறுத்தியிருக்கணும்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு மலையேறியவர், அதன் பிறகு அண்ணன் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

போட்டோக்காரன்தான் அவசரப்படுத்தினான் என்று தாசையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பியிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் ஞானையனிடம் வந்து சுகம் விசாரிப்பார். அந்த மரியாதை இவரை அரித்துவிட்டது.

"2.8 கையில இருந்திருந்தா இருபது நிமிஷம் நின்னிருப்பேன் அண்ணாச்சி" என்றார் என்னிடம்.

இதையே அவர் ஜினுவிடமும் சொன்னார். ஜினு ராகேலின் அக்கா மகன், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. சனி ஞாயிறுகளில் வெள்ளாயணிக் காயலில் பறவைகளைப் படம் எடுப்பான். மற்ற நாட்களில் அந்த லென்ஸை வாடகைக்கு விடுவான். அவனிடம் இருப்பது 2.8.

"மாமா, அத்தன பேரு நிக்கிற குரூப்ப 2.8-ல எடுத்தா பின்வரிசை முழுக்க மங்கிப் போவும். அன்னைக்கு ஒரு ஃப்ளாஷ் போட்டிருந்தா போதுமாயிருந்துல்லா" என்றான் ஜினு.

ஃப்ளாஷ் அன்றைக்கு ஞானையன் பையில்தான் இருந்தது. மழையில் நின்று கால் வலித்தது, வீட்டுக்குப் போகவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான் நடந்தது. பதினான்கு வருஷமாக லென்ஸின் தலையில் ஏற்றிவைத்த பழியை ஒரு சின்னப் பயல் இரண்டு வாக்கியத்தில் இறக்கி அவர் மடியிலேயே வைத்துவிட்டான்.

அப்படியும் ஆசை போகவில்லை. ஜினு ஒரு வழி சொன்னான். இந்த வாரம் பறவை வேண்டாம், மூன்று நாள் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் நிஜமான சாவு வீட்டில் எடுத்துப் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யட்டும். நாளுக்கு ஆயிரம் ரூபாய், மாமா என்பதால் சலுகை. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வாங்கினால் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குத் திருப்பித் தர வேண்டும்.

வெள்ளி இரவு ஒருவரும் சாகவில்லை. சனிக்கிழமையும் சாகவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று போய்க்கொண்டிருந்த சபைகளில் திடீரென்று எல்லோரும் திடமாக இருந்தார்கள். சவப்பெட்டிக் கடை விஜய்குமாருக்கு இவரே போன் போட்டுக் கேட்டார்.

"ஒரு அனக்கமும் இல்ல அண்ணே" என்றார் விஜய்குமார். அவருக்கும் கவலைதான்.

ஞானையன் ஸ்டுடியோ படியில் நின்று அந்த வெள்ளைக் குழலைத் தெருவில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை என் கடைப் பக்கம் திரும்பியது. நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் எல்லாம் கிடையாது, வெயில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் தாசையன் வீட்டுக்குப் போனார். தாசையனுக்கு வயது எழுபத்தெட்டு. இதயத்தில் தண்ணீர் கோத்து ஆறு மாதமாகப் படுக்கையும் நாற்காலியுமாக இருந்தார். மனைவி போய் வருஷங்கள் ஆகின்றன. மகள் அஞ்சுதான் பார்த்துக்கொள்கிறாள். நலம் விசாரிக்கப் போவதாகத்தான் ஞானையன் ராகேலிடம் சொன்னார். கேமரா பையை ஏன் எடுக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள்.

தாசையன் வீட்டு முன்வராந்தாவான சிட்அவுட்டில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். பையைப் பார்த்தார்.

"லேய் ஞானையா, லென்ஸ் வாடகைக்கு எடுத்திருக்கியாமே?"

"ஆமா மாமா."

"எத்தன நாளு?"

"நாளைக்கு ஏழு மணி வரைக்கும்."

தாசையன் கொஞ்சம் யோசித்தார். மண்டியில் சரக்கு எப்போது வரும் என்று கேட்டால் யோசிக்கிற மாதிரியே யோசித்தார்.

"அதுக்குள்ள ஆவாது மக்ளே. டாக்டர் வேற மருந்து மாத்திட்டாரு."

ஞானையனுக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல் இருந்தது. "ஐயோ மாமா, நான் அதுக்கா வந்தேன்" என்று ஏதோ உளறினார்.

"அதுக்குத்தான் வந்தே. வந்தது கொள்ளாம், நல்லதுதான். இப்பமே எடு. இல்லேங்கி இவ ஆதார் கார்டைக் கொண்டுட்டு ஒங்கிட்ட வருவா. அதுல எனக்க மூஞ்சிய பாத்திருக்கியா? கோழி களவாண்டவன் மாதிரி இருக்கு."

அஞ்சு உள்ளேயிருந்து, "அப்பா!" என்று அதட்டினாள். ஆனால் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஞானையன் எட்டப் போய் நின்று பதினோரு படம் எடுத்தார்.

படம் பிரமாதமாக வந்தது. ராகேலுக்கு அழிப்பதற்குத் தோள் இல்லை, எடுப்பதற்கு நீலம் இல்லை. பழக்கத்தில் பின்னால் கொஞ்சம் ஆகாயம் மட்டும் வைத்து, சாயங்காலம் அஞ்சுவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அஞ்சுவுக்கு அப்பாவை அப்படிப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே தன் டிபியாக அதை வைத்தாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

ஞானையன் எடுத்த முகம், பின்னால் ராகேலின் ஆகாயம். இந்தச் சபையில் இருபத்திரண்டு வருஷமாக இதற்கு ஒரே அர்த்தம்தான். பத்து நிமிஷத்தில் முதல் கும்பிட்ட கை வந்தது. அஞ்சு போனை சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போயிருந்தாள். காலையில் எழுந்து பார்த்தபோது அறுபத்துநான்கு ஆறுதல் செய்திகள் வந்து கிடந்தன. தெருமுக்கில் சபை வாலிபர் சங்கம் பிளெக்ஸ் கட்டியிருந்தது. மேலே ஆதராஞ்சலிகள் என்று மலையாளத்தில் பெரிய எழுத்து, கீழே தாசையன் ஆகாயத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

விஜய்குமார் ஞானையனுக்குப் போன் செய்து பெட்டிக்கு அளவு கேட்டார். செய்தி கேட்டதும் ஞானையனுக்கு வருத்தம் வந்தது, கூடவே ஏழு மணிக்குள் ஆகிவிட்டதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதை அவரே பிற்பாடு வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். அடுத்த போன் தாசையனிடமிருந்து வந்தது.

"லேய், நீ எடுத்த படத்துல நான் செத்துட்டேன். இஞ்ச ஆளு வந்து குமியுது. நீயே வந்து வாசல்ல நின்னு எல்லாரிட்டயும் சொல்லு."

நான் கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு ரீத்தும் கையுமாக ஆட்டோவில் போய் இறங்கினேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஞானையன், மடியில் வெள்ளை லென்ஸ்.

"சாகல்ல அண்ணாச்சி. உள்ள போங்க, சாயா உண்டு" என்றார்.

கொண்டுவந்த மலர்வளையத்தைத் திருப்பி எடுத்துப் போவது மரியாதையாகப் படவில்லை. சுவரில் சாய்த்து வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஏழு இருந்தன. தாசையன் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பிளெக்ஸில் பிறந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு வருத்தம். கடையைத்தான் அடைத்தாயிற்றே என்று நானும் அன்று முழுக்க அங்கேயே இருந்தேன்.

மத்தியானத்துக்குள் நேமம் முழுவதும் உண்மை தெரிந்துவிட்டது. பிளெக்ஸையும் அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் போனக்காட்டில் போன் எப்போதாவதுதான் எடுக்கும். சாவுச் செய்தி எப்படியோ மலையேறிவிட்டது. மறுப்புச் செய்தி ஏறவில்லை.

மாலை ஆறரை மணி இருக்கும். மழை கட்டி நின்றது, கரண்ட் போயிருந்தது. ஞானையன் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பி எழுந்தார். கேட்டில் ஒரு வயதானவர் ஸ்வெட்டரும் குடையுமாக வந்து நின்றார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. செல்வமணி. பதினான்கு வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தார். எதிரில் கேமராவோடு நிற்கிற ஆளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"பெட்டி அடச்சாச்சா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து நூறு பேரிடம் சாகவில்லை, சாகவில்லை என்று சொன்ன ஞானையனுக்கு அந்த நேரம் அந்த வார்த்தை வரவில்லை.

"இல்ல. அடைக்கல்ல. நீங்க உள்ள போங்க" என்றார்.

செல்வமணி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்தைத் தாண்டினார். சிட்அவுட்டில் அரை இருட்டில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். செல்வமணி படியிலேயே நின்றுவிட்டார்.

"வந்தியா?" என்றார் தாசையன்.

"அண்ணன் செத்துப் போனதா சொன்னாவ."

"அதுக்கு இன்னும் நாளாவும்."

செல்வமணி பக்கத்தில் போய் அண்ணனின் தோளில் கையை வைத்தார். பலாப்பழத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு கையை எடுக்கவில்லை. தாசையன் முகத்தைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார்.

கேட்டருகே என் பக்கத்தில் மூன்று தடவை மெல்லிய சத்தம் கேட்டது. ஞானையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃப்ளாஷ் இந்தத் தடவையும் பையில்தான் இருந்தது. அது மின்னியிருந்தால் செல்வமணி கையை எடுத்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து ஞானையன் உள்ளே போய், அன்றைக்கு அவசரப்படுத்தியது தான்தான் என்று சொன்னார். நின்றபடியே சொன்னார்.

"தெரியும். போட்டோக்காரன் அப்படித்தான் சொல்லுவான். அண்ணன் நிறுத்தியிருக்கணும்" என்றார் செல்வமணி.

"நிறுத்தியிருக்கணும்" என்றார் தாசையன். பதினான்கு வருஷமாக அவர் இதைச் சொல்லத்தான் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அஞ்சு இன்னொரு சாயா கொண்டுவந்தாள்.

லென்ஸ் கழக்கூட்டம் போய்ச் சேரும்போது மணி எட்டரை.

"ஆராவது செத்தாங்களா மாமா?" என்று கேட்டான் ஜினு.

"இல்ல."

"பின்ன டெஸ்ட்?"

"டெஸ்ட் ஆச்சு."

மறுநாள் ராகேல் அந்த மூன்று படங்களையும் திறந்தாள். இரண்டு ஆடியிருந்தன. மூன்றாவதில் அத்தனை இருட்டிலும் தாசையனின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது, கண்ணில் தண்ணீர் கட்டி நின்றதும் தெரிந்தது. தங்களுடைய பழைய கேமராவில் 4 வைத்து எடுத்திருந்தால் மூன்றுமே ஆடியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்தாள்.

"வாங்குங்க. ஒர்க் ஏரியாவுல இந்த வருஷமும் பக்கெட் வச்சுக்கலாம்" என்றாள்.

வாங்கினார். வாங்கிய அன்றே அந்த வெள்ளைக் குழல் முழுவதும் கறுப்பு டேப் சுற்றினார். பிளெக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு வெள்ளையைக் கண்டாலே பெரியவர்கள் நாற்காலியோடு திரும்பிக்கொள்கிறார்கள்.

எண்பதாயிரம் அதிகம் இல்லையா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"காத்து நிக்கதுக்கு லென்ஸ் வேண்டாம் அண்ணாச்சி. ஆனா கையில இருந்தா நிக்கதுக்கு ஒரு தைரியம் உண்டு" என்றார். எனக்குப் பாதி புரிந்தது.

தாசையன் இரண்டு மாதம் கழித்து இறந்தார். செல்வமணி மூன்று நாள் முன்னாடியே வந்து கூட இருந்தார். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றதும் ஞானையன், "எல்லாரும் வந்தாச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். பாஸ்டர் வாட்சைப் பார்த்தார். இவர் பார்க்கவில்லை. பிறகு ஃப்ளாஷ் போட்டே எடுத்தார்.

சுவரில் மாட்டுவதற்கு, ஆகாயம் வைத்த படத்தை அஞ்சு வேண்டாம் என்றுவிட்டாள். செல்வமணி வந்த மாலை சிட்அவுட்டில் எடுத்ததில் அப்பா மட்டும் போதும் என்றாள். ராகேல் செல்வமணியை நறுக்கி எடுத்தாள். அண்ணன் தோளில் அவருடைய கை மட்டும் மிச்சம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதை அழிப்பதுதான் அவள் வேலை. அன்றைக்கு அழிக்காமல் அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்தாள். பிரேம் கடைக்காரர், "சேச்சி, இந்தக் கை தப்பா விழுந்திருக்கே?" என்று கேட்டார். விழுந்த இடம் சரிதான் என்றாள்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் புதிதாக யாராவது போனால் சுவரைப் பார்த்து அது யாருடைய கை என்று கேட்பார்கள். அஞ்சு எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொல்கிறாள்.

"சித்தப்பாவுக்க கை. அன்னைக்கு நேரத்தோட வந்துட்டாரு."